தேசியும் தோடையும் பனஞ்சாராயமும்: வன்னி வீட்டில் காக்டெயில் கலக்க ஒரு முழு வழிகாட்டி

காக்டெயில் என்றதும் பலருக்குக் கொழும்பு ஹோட்டல்களும் கலர் கலரான போத்தல்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நல்ல காக்டெயிலுக்கு அடிப்படை மூன்றே பொருள்தான்: புளிப்பு, இனிப்பு, மது. கிணற்றடியில் ஒரு தேசி மரமும், அடுக்களையில் ஒரு குட்டான் பனங்கட்டியும், அனுமதி பெற்ற கடையில் வாங்கிய சாராயப் போத்தல் ஒன்றும் இருந்தால் வன்னியில் எந்த வீட்டிலும் இதைக் கலக்கலாம். இறக்குமதிச் சரக்கு எதுவும் வேண்டாம்.

தேசியின் புளிப்பு சாற்றில் இருக்கிறது, மணம் தோலில் இருக்கிறது. நாம் சாற்றைப் பிழிந்து எடுத்துக்கொண்டு தோலைக் குப்பைக்கு எறிந்து பழகிவிட்டோம். அப்படிக் கலக்கும் சாராயம் புளிக்குமே தவிர மணக்காது. அதனால் கீழே சொல்லும் முறையில் பாதி வேலை தோலோடுதான்.

தொடங்க முன் ஒன்று. இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். வீட்டிலும் அந்த வயதையே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். மது தொடாதவர்களுக்கும் இதே பழங்களில் இதே முறையில் ஒரு பானம் கீழே இருக்கிறது. அதைப் பேருக்குச் சேர்க்கவில்லை. சில நாட்களில் எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

எந்தக் காலத்தில் செய்வது

தேசி இனத்து மரங்களுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்துவிட்டு மழையைக் கண்டதும் பூத்துத் தள்ளும். பூவிலிருந்து பழத்துக்கு ஏறத்தாழ ஐந்து மாதம். ஐப்பசி மழைக்குப் பூத்த மரத்தில் பங்குனி, சித்திரையில் பறிக்கலாம். காலபோக அறுவடை முடிந்து வயல்கள் வெளித்துக் கிடக்கும், வெயில் ஏறிக்கொண்டிருக்கும், பனையில் சீவலும் நடக்கும். குளிர்ந்த புளிப்பு ஒன்றை உடம்பு கேட்கும் காலத்தில்தான் பழமும் வருகிறது. தோட்டத்துக்கு இறைத்து வளர்க்கும் மரங்கள் ஆண்டு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய்க்கும், அதுவும் சரிதான். சந்தையில் தேசிக்காய் விலை ஏறிய நேரத்தில் மட்டும் இதைத் தொடங்காதீர்கள். அந்த நேரம் வருவது பெரும்பாலும் முற்றாத, சாறில்லாத காய்.

பழம் தெரிவு செய்தல்

தேசிக்காய் பச்சையாகவும் வாங்கலாம், மஞ்சளாகவும் வாங்கலாம். இரண்டுக்கும் வேறு வேறு வேலை. பச்சைக் காயின் தோல் கூர்மையாக மணக்கும். மஞ்சளாகப் பழுத்ததில் சாறு கூட. நான் இரண்டையும் கலந்து எடுப்பேன், பச்சையைத் தோலுக்கும் மஞ்சளைச் சாற்றுக்கும். நிறம் எதுவானாலும் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய பாரம் தெரியவேண்டும். மெல்லிய, வழுவழுப்பான தோல் நல்லது. சொரசொரப்பான தடித்த தோல் என்றால் உள்ளே சாறு குறைவு.

தோடம்பழத்தில் நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நம் ஊர்த் தோடை முற்றிப் பழுத்த பிறகும் பச்சையாகவே நிற்கும். பச்சையம் கலைந்து செம்மஞ்சள் நிறம் வெளியே தெரியக் குளிர்ந்த இரவுகள் வேண்டும், வன்னியில் அது கிடையாது. பிபிலைத் தோடம்பழமும் அப்படித்தான், பச்சைத் தோலுக்குள் தேன் மாதிரி இருக்கும். மெல்ல அமத்தும்போது கொஞ்சம் இளகி, காம்படி மணந்தால் பழுத்துவிட்டது. ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டுத் தோடம்பழம்தான் கிடைக்கிறது என்றால் அதையும் பாவிக்கலாம், கழுவும் விதம் மட்டும் வேறு.

நாரத்தங்காய் கிடைத்தால் தோலுக்காக ஒன்று வாங்குங்கள். அதன் சாறு கசப்பும் புளிப்புமாக அடம்பிடிக்கும், ஆனால் தோலின் மணத்துக்கு ஈடில்லை. பம்பளிமாசு போட ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கொலஸ்ட்ரோலுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சில மருந்துகளின் வேகத்தை அந்தப் பழம் உடம்புக்குள் கூட்டிவிடும். மருந்து எடுப்பவர்கள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

நாலு பேருக்கு, ஆளுக்கு ஒரு குவளை என்று வைத்தால், தேசிக்காய் எட்டு, தோடம்பழம் மூன்று போதும். நடுத்தரத் தேசிக்காய் ஒன்றில் 15 முதல் 20 மி.லீ. வரை சாறு வரும். இரண்டு மூன்று காய் கையிருப்பாகவும் இருக்கட்டும்.

கழுவி, தோல் சீவுதல்

வீட்டு மரத்துக் காய்களில் சில நேரம் கரி பூசியது போல் ஒரு கறுப்பு படிந்திருக்கும். இலையில் இருக்கும் பூச்சிகள் கழிக்கும் இனிப்புநீரில் வளரும் பூஞ்சணம் அது. பழைய பல்துலக்கி ஒன்றால் தண்ணீரில் தேய்த்தால் போய்விடும், பழத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கடைத் தோடம்பழத்தின் பளபளப்பு மெழுகு. வடிதட்டில் வைத்துச் சுடுதண்ணீரை மேலால் ஊற்றி, உடனே துணியால் அழுத்தித் துடையுங்கள். துணி பிசுபிசுக்கும், தோலின் பளபளப்பு மங்கும். மங்கினால்தான் அந்தத் தோலைப் பானத்தில் போடலாம்.

முதலில் தோல் சீவவேண்டும், பிறகுதான் வெட்டிப் பிழியவேண்டும். மாறிச் செய்தால், பிழிந்து நெளிந்த பழத்தில் தோல் சீவ முடியாமல் திண்டாடுவீர்கள். மரக்கறி சீவும் பீலர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் கூரான சின்னக் கத்தி. மேலே இருக்கும் நிறமுள்ள படை மட்டும் வரவேண்டும். அதன் கீழே உள்ள வெள்ளைப் படை கசக்கும். சீவிய துண்டைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் புள்ளி புள்ளியாக எண்ணெய்ப் பைகள் தெரிந்தால் சரியாகச் சீவியிருக்கிறீர்கள். வெள்ளையாகவே இருந்தால் கத்தி ஆழமாகப் போயிருக்கிறது. கத்தியைப் படுக்க வைத்து வெள்ளையை வழித்து எடுத்துவிடலாம்.

ஒரு துண்டை வெளிப்பக்கம் வெளியே இருக்கும்படி வளைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அமத்திப் பாருங்கள். மெல்லிய புகார் மாதிரி ஒரு தூவல் பறக்கும். சின்ன வயதில் விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் தோடம்பழத் தோலை அமத்திப் பொறி பறக்கவிட்டவர்களுக்கு இது தெரியும். அது சாறல்ல, எரியக்கூடிய எண்ணெய். இந்தப் பானத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது.

தோல்ச்சீனி

மூன்று தோடம்பழத்தின் தோல், நாலு பச்சைத் தேசிக்காயின் தோல், கிடைத்திருந்தால் நாரத்தையில் இரண்டு துண்டு. கடைசியில் குவளைக்கு மேலே அமத்த ஆளுக்கு ஒரு துண்டுத் தோலை எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு 150 கிராம் வெள்ளைச் சீனியைக் கொட்டுங்கள். அகப்பைக் காம்பாலோ உலக்கைக் குழவியாலோ இரண்டு மூன்று நிமிடம் இடியுங்கள். அரைக்க வேண்டாம், தோல் நசுங்கினால் போதும். பிறகு மூடி, அடுக்களையிலேயே நாலு மணித்தியாலம் விடுங்கள். இரவு செய்து விடிய எடுத்தாலும் சரி.

சீனி தோலிலிருக்கும் எண்ணெயையும் ஈரத்தையும் வெளியே இழுத்துவிடும். திறக்கும்போது சீனி ஈரமணல் போல் பொதபொதத்து, கிண்ணத்தின் அடியில் பளபளப்பான பாணி கொஞ்சம் நிற்கும். மணம் அடுக்களையை விட்டு முற்றம் வரை போகும். அதில் 150 மி.லீ. சூடான தண்ணீர் ஊற்றிச் சீனி கரையும் மட்டும் கலக்கி, தோலை அமத்திப் பிழிந்து வடியுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். கொதித்தால் நீங்கள் சேர்த்த மணம் முழுக்க ஆவியாகிப் போகும். பிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும்.

இதைப் பனங்கட்டியில் செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் பனங்கட்டியின் வாசம் பலமானது, தோலின் மணத்தை அமுக்கிவிடும். அதனால்தான் இரண்டையும் தனித்தனியாகச் செய்து கடைசியில் சேர்க்கச் சொல்கிறேன்.

பனங்கட்டிப் பாணி

200 கிராம் பனங்கட்டியை நொறுக்கி, 200 மி.லீ. தண்ணீரில் போட்டு மெல்லிய நெருப்பில் கரையுங்கள். கரைந்ததும் இறக்கி, சூட்டோடு ஒரு நெட்டுக் கறிவேப்பிலையைப் போட்டு மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். இனிப்புக்குள் கறிவேப்பிலை என்னத்துக்கு என்று யோசிக்க வேண்டாம். கறிவேப்பிலை, வில்வம், விளா மூன்றும் தேசியின் குடும்பத்துத் தாவரங்கள்தான். தாவரவியலில் எல்லாம் ஒரே குடும்பம். தோலின் மணத்தோடு கறிவேப்பிலையின் மணம் அழகாக ஒத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் குழம்பு வாசம் வந்துவிடும், நேரத்தைக் கவனியுங்கள்.

பனங்கட்டியில் தும்பும் மண்ணும் இருக்கும். ஆறியபின் மெல்லிய துணியில் வடியுங்கள்.

சாறு பிழிதல்

காய்கள் பிரிட்ஜில் இருந்தால் முன்கூட்டியே வெளியில் எடுத்து வையுங்கள். குளிரில் பிழிந்தால் சாறு கொஞ்சமாகத்தான் வரும். தோல் சீவிய காயை மேசையில் வைத்து உள்ளங்கையால் அமத்தி உருட்டுங்கள். பிறகு குறுக்காக வெட்டுங்கள். காம்பிலிருந்து நுனிக்கு நெடுக்காக வெட்டினால் சுளைகள் பூட்டிக்கொண்டு சாறு முழுதாக இறங்காது.

கைவலிக்க முறுக்கிப் பிழிய வேண்டாம். கடைசிச் சொட்டோடு வெள்ளைப் படையின் கசப்பும் இறங்கும். விதை நசுங்கினாலும் கசப்பு. ஒரு வடியால் விதையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சக்கை கொஞ்சம் இறங்கினால் பரவாயில்லை. பித்தளை, அலுமினியப் பாத்திரங்களில் பிழிந்து வைக்காதீர்கள். புளிப்பு உலோகத்தை அரிக்கும், சாற்றிலும் உலோக வாடை வரும். கண்ணாடி அல்லது எவர்சில்வர்தான் இதற்குச் சரி.

தோடம்பழத்தைக் கடைசியாகப் பிழியுங்கள். சில வகைத் தோடைச் சாறு பிழிந்த உடனே இனிப்பாக இருந்து, சில மணித்தியாலத்தில் கசக்கத் தொடங்கும். தேசிச் சாறும் பிழிந்த அன்றே முடியவேண்டும். மறுநாள் அதில் புளிப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

பிழிந்த கையை உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தேசிச் சாறு பட்ட தோலில் நம் ஊர் மத்தியான வெயில் விழுந்தால் நெருப்புச் சுட்டது போல் சிவந்து, கொப்புளம் கூட வரலாம். தழும்பு கறுத்து வாரக்கணக்கில் நிற்கும். தேசியில் இருக்கும் ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து செய்யும் வேலை அது, ஒவ்வாமையல்ல, யாருக்கும் வரலாம். முற்றத்தில் வைத்துப் பிழியும் வீடுகளில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள். பிள்ளைகளின் கையிலும் முகத்திலும் சாறு தெறித்தபடி வெயிலில் விளையாட விடாதீர்கள்.

எந்தச் சாராயம்

என் தெரிவு பனஞ்சாராயம். அதில் பனையின் மண்வாசமும் ஒரு சின்னப் புகைவாசமும் இருக்கும். பனங்கட்டிப் பாணியோடு சேரும்போது இரண்டும் ஒரே மரத்திலிருந்து வந்தவை என்பது நாக்கில் தெரியும். பனஞ்சாராயம் என்றால் வடமராட்சியின் திக்கம் வடிசாலைதான் எங்கள் பக்கத்தில் முதலில் சொல்லப்படும் பெயர். அது கிடைக்காத ஊரில் தென்னஞ்சாராயம் வாங்கலாம். அது கொஞ்சம் மென்மை, தோடம்பழத்தோடு நன்றாகச் சேரும். மலிவான போத்தல்களில் பலது வேறு மதுசாரத்தோடு கலந்தவை. லேபிளை வாசித்து, கலப்பில்லாத தென்னஞ்சாராயமாகப் பார்த்து வாங்குங்கள். கடைச் சாராயம் பெரும்பாலும் 33 முதல் 37 சதவீதம் வரை இருக்கும். கீழே உள்ள அளவுகள் அதற்கு ஏற்றவை. பூரணை நாளில் மதுக்கடைகள் பூட்டு, ஆகவே கலண்டரைப் பார்த்து முதல் நாளே வாங்கி வையுங்கள்.

கசிப்பை இதில் கொண்டுவர வேண்டாம். அதைக் காய்ச்சுவது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அதற்குள் என்ன கிடக்கிறது என்று காய்ச்சியவருக்கே தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து. மெதனோல் கலந்த மது கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். தேசியும் சீனியும் சேர்த்தால் அதன் வாடை மறையும், நஞ்சு மறையாது.

தண்ணீரும் ஐஸும்

வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் சவர், அல்லது சுண்ணாம்பு கூடியது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும் தண்ணீர் என்றால் அதில் ஐஸ் போட வேண்டாம். அந்தத் தண்ணீர் தேசியின் புளிப்பைக் கொஞ்சம் மழுக்கி, பானத்தைச் சப்பென்று ஆக்கிவிடும். வடிகட்டிய தண்ணீரையோ கடையில் வாங்கும் போத்தல் தண்ணீரையோ பாவியுங்கள்.

ஐஸ் தட்டில் வரும் சின்னக் கட்டிகள் பங்குனி வெயிலுக்குத் தாக்குப் பிடிக்காது. தயிர்க் கோப்பை, எவர்சில்வர் தம்ளர் போன்றவற்றில் தண்ணீர் ஊற்றிப் பெரிய கட்டிகளாக உறைய வையுங்கள். குலுக்குவதற்குச் சின்னது, குவளைக்குப் பெரியது. மின்வெட்டுக்குப் பேர்போன இடம் என்றால் முதல் நாள் இரவே ஐஸை எடுத்து ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்து உறைபெட்டியின் அடியில் வைத்துவிடுங்கள்.

கலத்தல்

ஒரு குவளைக்கு இந்த அளவு: சாராயம் 50 மி.லீ., தேசிச் சாறு 20 மி.லீ., தோடைச் சாறு 30 மி.லீ., தோல்ச்சீனிப் பாணி 10 மி.லீ., பனங்கட்டிப் பாணி 10 மி.லீ., ஒரு சிட்டிகை உப்பு. அளக்கும் கோப்பை இல்லையென்றால் பாணி மருந்துப் போத்தலோடு வரும் அளவு மூடி மிகவும் வசதி. இல்லையேல் மேசைக்கரண்டி 15 மி.லீ., தேக்கரண்டி 5 மி.லீ. கண் அளவில் ஊற்றாதீர்கள். 10 மி.லீ. சாறு கூடக்குறைந்தாலே சுவை வேறு பக்கம் போய்விடும்.

உப்பு சும்மா பேருக்கல்ல. ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அடக்கி, பழத்தின் சுவையை முன்னுக்குக் கொண்டுவரும். ஆனையிறவு உப்பு வீட்டில் இருந்தால் அதைப் பொடித்துப் போடுங்கள்.

எல்லாவற்றையும் ஊற்றியதும், ஐஸ் போட முன், ஒரு சொட்டு எடுத்து ருசி பாருங்கள். இந்த நேரத்தில் இனிப்பு ஒரு பிடி கூடத் தெரியவேண்டும். குளிர்ந்ததும் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். புளிப்பு கூடியிருந்தால் பாணி அரைத் தேக்கரண்டி, இனிப்பு கூடியிருந்தால் தேசிச் சாறு அரைத் தேக்கரண்டி. தேசிக்காய்க்குத் தேசிக்காய் புளிப்பு மாறும். அதனால் இந்தப் படியை ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

குலுக்குவதற்குச் சிறப்புப் பாத்திரம் தேவையில்லை. வாயகன்ற எவர்சில்வர் தண்ணீர்ப் போத்தல் நன்றாக மூடிக்கொள்ளும் என்றால் அது போதும். மெல்லிய கண்ணாடிப் போத்தல் ஐஸ் மோதி உடையலாம், அதைத் தவிருங்கள். போத்தல் பாதி நிறையச் சின்ன ஐஸ் போட்டு, மூடி, இரண்டு கையாலும் பிடித்துப் பன்னிரண்டு பதினைந்து விநாடி பலமாகக் குலுக்குங்கள். வெளிப்பக்கம் வியர்த்து, கை விறைக்கத் தொடங்கும். ஐஸ் உருகிச் சேரும் தண்ணீரும் இந்தப் பானத்தின் ஒரு பொருள்தான். அது இல்லாமல் சாராயம் தொண்டையைக் காரும். குலுக்கும்போது சோடா உள்ளே இருக்கக்கூடாது, மூடி தெறித்துவிடும்.

பெரிய ஐஸ் கட்டி போட்ட குவளைக்குள் வடித்து ஊற்றுங்கள். வெயில் நேரமென்றால் மேலே 60 மி.லீ. குளிர்ந்த சோடா. இஞ்சி பியர் ஊற்றுவதென்றால் அதிலேயே இனிப்பு இருக்கிறது, பாணி இரண்டையும் பாதியாகக் குறையுங்கள். கடைசியாக, எடுத்து வைத்த ஒரு துண்டுத் தோலைக் குவளைக்கு மேலே பிடித்து, வெளிப்பக்கம் பானத்தைப் பார்க்கும்படி வளைத்து அமத்துங்கள். எண்ணெய் மேற்பரப்பில் மினுங்குவது வெளிச்சத்தில் தெரியும். அதே தோலால் குவளையின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவி உள்ளே போடுங்கள். மூக்கில் முதலில் ஏறுவது சாராய வாடையா பழ மணமா என்பதை இந்த ஒரு அசைவுதான் தீர்மானிக்கிறது.

உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்று வளர்ந்தவர்கள் குவளையின் பாதி விளிம்புக்கு அதைப் பூசிக்கொள்ளலாம். முழு விளிம்புக்கும் வேண்டாம், உப்பில்லாமல் ஒரு வாய் குடிக்கவும் இடம் வையுங்கள்.

மது இல்லாமல்

சாராயத்துக்குப் பதிலாக வெறும் பழச்சாறு ஊற்றினால் அது பிள்ளைகளின் ஜூஸ் ஆகிவிடும். அடர்த்தியாக ஊறவைத்து ஆறவைத்த பிளேன்ரீ 60 மி.லீ. ஊற்றுங்கள். தேயிலையின் துவர்ப்பு, சாராயம் விட்டுப்போன இடத்தை நிரப்பும். அதோடு இடித்துப் பிழிந்த இஞ்சிச் சாறு அரைத் தேக்கரண்டி சேர்த்தால் தொண்டையில் ஒரு உறைப்பு நிற்கும். மற்ற அளவும் முறையும் அதேதான், தோல் உட்பட.

பனை சீவும் காலத்தில் கருப்பணி கிடைத்தால் இன்னும் நல்லது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய, புளிக்காத பதநீர் அது. நன்றாகக் குளிர வைத்த கருப்பணி 150 மி.லீ., தேசிச் சாறு 15 மி.லீ., தோல் ஒரு துண்டு. பாணி எதுவும் வேண்டாம். காலையில் இறக்கியதை அன்று காலையிலேயே குடித்து முடியுங்கள்.

கூட்டத்துக்குச் செய்வது

வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் வந்து இறங்கும் நாட்களில் ஒவ்வொரு குவளையாகக் குலுக்கிக்கொண்டு நிற்க முடியாது. பத்துப் பேருக்குச் சாராயம் 500 மி.லீ., தேசிச் சாறு 200, தோடைச் சாறு 300, பாணி இரண்டும் 100 படி. குலுக்கும்போது சேரும் தண்ணீர் இங்கே இல்லை என்பதால் குளிர்ந்த நல்ல தண்ணீர் 300 மி.லீ. நீங்களே சேர்க்கவேண்டும். இதை மறந்தால் பானம் கடுமையாக இருக்கும், ஆட்களும் சீக்கிரம் சரிந்துவிடுவார்கள். எல்லாவற்றையும் போத்தலில் ஊற்றி இரண்டு மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து, பரிமாறும்போது ஐஸும் தோலும் போடுங்கள்.

ரெஜிபோம் கோப்பையில் ஊற்றாதீர்கள். தேசித் தோலின் எண்ணெய் ரெஜிபோமைக் கரைக்கும். ஒரு துண்டுத் தோலை அதன்மேல் அமத்திப் பார்த்தால் பள்ளம் விழுவதைக் கண்ணால் காணலாம். கண்ணாடியோ எவர்சில்வரோ எடுங்கள். பனையோலைப் பிளா கோலித் தர ஆள் இருந்தால் அதில் பரிமாறுங்கள், ஓலை வாசத்தோடு இது தனிச் சுவை.

கடித்துக்கொள்ள வறுத்த கச்சான், நந்திக்கடல் இறால் பொரியல், புழுக்கொடியல் எதுவும் பொருந்தும். வெறுவயிற்றில் மட்டும் கொடுக்காதீர்கள். இந்த அளவில் ஒரு குவளையில் ஏறத்தாழ 14 கிராம் மதுசாரம் இருக்கிறது. இனிப்பும் புளிப்பும் அதை மறைத்துவிடுவதால் குடிப்பவருக்குத் தெரியாது, ஊற்றிக் கொடுப்பவர்தான் கணக்கு வைத்திருக்கவேண்டும். ஆளுக்கு இரண்டு குவளையோடு நிறுத்திவிட்டுச் சாப்பாட்டை எடுங்கள். ஏ9 வீதியால் திரும்பிப் போக இருப்பவருக்கு முதல் குவளையே பிளேன்ரீயில் கலந்ததாக இருக்கட்டும். அல்லது விடியும்வரை படுக்கப் பாய் போட்டுக் கொடுங்கள்.

மிஞ்சியவை

தோல்ச்சீனி வடித்தபின் மிஞ்சும் தோலை எறிய வேண்டாம். தட்டில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் மொறுமொறுவென்று வரும், தேத்தண்ணியோடு கடிக்க நல்லது. பிழிந்த தேசிக் கோதுகளை நாலாக வெட்டி, ஒரு கிலோவுக்கு 200 கிராம் உப்பு என்ற கணக்கில் பிசறிக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, ஒவ்வொரு நாளும் வெயிலில் வைத்துக் குலுக்கி வாருங்கள். தோல் சீவிய கோது என்பதால் வழமையான ஊறுகாயை விடக் கெதியாக மெதுவாகும். மெதுவானபின் மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் சேர்த்தால் கஞ்சிக்கும் பழஞ்சோற்றுக்கும் தொட்டுக்கொள்ள ஊறுகாய் தயார்.